‘டிட்’ வந்தபிறகு ‘கேம்’ எதற்கு?

என் அக்கா மகன் ராமேஸ்வரத்தில் ஆட்டோ ஓட்டுகிறான். வெளியூர் ஆட்களை ஏற்றிக்கொண்டு கோதண்டராமர் கோயில், தனுஷ்கோடி, அரிச்சல்முனை என்று ஒரு சுற்று காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் பிழைப்பு. யோசித்துப் பார்த்தால் அந்தச் சுற்றில் அவன் கைநீட்டிக் காட்டுவதில் பாதி இப்போது கிடையாது. இங்கே ஸ்டேஷன் இருந்தது, இங்கே தபால் ஆபீஸ் இருந்தது, இந்த வழியாக ரயில் வந்தது என்று வாயைத் திறந்தாலே இருந்தது, வந்தது, போனதுதான். இங்கிலீஷில் வேறு எது தெரியாவிட்டாலும் இறந்தகாலம் தெரியாமல் அவனுக்கு வண்டி ஓடாது.

போன மாசம் ஒரு நாள் நானும் அவன் கூடப் போயிருந்தேன். (இந்தப் ‘போயிருந்தேன்’ ஞாபகத்தில் இருக்கட்டும், பின்னால் இதை வைத்து ஒரு பஞ்சாயத்து இருக்கிறது.) வடக்கே இருந்து வந்த ஒரு குடும்பம், அப்பா, அம்மா, ஏழோ எட்டோ படிக்கிற ஒரு பெண்பிள்ளை. இடிந்த சர்ச் பக்கம் நிறுத்திவிட்டு, தனுஷ்கோடியை அழித்த 1964 புயலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவன், பாம்பனிலிருந்து கிளம்பிய ரயிலைப் பற்றி அந்த அப்பா கேட்டதும், குரலைத் தாழ்த்தி, ‘ட்ரெயின் டிட்ன்ட் கேம் பேக் சார்’ என்றான். அவருக்குப் புரிந்துவிட்டது, தலையை ஆட்டினார். அந்தப் பிள்ளைதான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ‘டிட்ன்ட் கம்’ என்று அம்மா காதில் சொன்னது இவனுக்கும் கேட்டுவிட்டது.

அவர்களை லாட்ஜில் இறக்கிவிட்டபின் கேட்டான்: “என்ன மாமா தப்பு? ரயில் வரலங்கிறது முடிஞ்ச கதைதானே? அப்ப ‘கேம்’தானே வரணும்?”

நியாயமான கேள்வி. வருஷக்கணக்கில் கம்–கேம்–கம் என்று மனப்பாடம் பண்ண வைத்தார்கள், ஆனால் அந்தக் ‘கேம்’ எப்போது வராது என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. நான் அவனிடம் திருப்பிக் கேட்டேன்.

“‘ரயில் வந்துச்சு.’ இதை இல்லைன்னு சொல்லு.”

“ரயில் வரல.”

“ஏன் ‘வந்தல’ன்னு சொல்லல?”

முழித்தான். பிறகு அவனே சிரித்துவிட்டான்.

விஷயம் இதுதான். வந்தது என்பதில் ஒரு ‘ந்த்’ இருக்கிறது, அதுதான் முடிந்துபோன காலத்தைச் சொல்கிறது. இல்லை என்று மறுத்த உடனே அந்த ‘ந்த்’ கழன்றுவிடுகிறது, ‘வர’ என்று வெறும் வினை மட்டும் மிஞ்சுகிறது. போனான், போகவில்லை. பிடித்தோம், பிடிக்கவில்லை. சாப்பிட்டேன், சாப்பிடவில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து இதை நாம் தப்பில்லாமல் செய்துகொண்டிருக்கிறோம், ஆனால் செய்கிறோம் என்றே தெரியாது. இங்கிலீஷும் இதையேதான் செய்கிறது: கேம், டிட்ன்ட் கம். வென்ட், டிட்ன்ட் கோ. காட், டிட்ன்ட் கேட்ச். மறுத்தால் வினை பழைய வெறும் உருவத்துக்குத் திரும்பிவிடும். ஒரே ஒரு வித்தியாசம், தமிழில் கழன்று விழுந்த காலம் அப்படியே காணாமல் போய்விடுகிறது. ‘நேற்று வரவில்லை’, ‘இன்னும் வரவில்லை’ இரண்டுக்கும் ஒரே ‘வரவில்லை’தான். இங்கிலீஷில் அது காணாமல் போவதில்லை, முன்னால் நிற்கிற ‘டிட்’டின் மேல் ஏறிக்கொள்கிறது.

எங்கள் ஊரில் விசைப்படகு கடலுக்குப் போக வேண்டுமென்றால் மீன்துறையில் டோக்கன் வாங்க வேண்டும். ஒரு படகுக்கு ஒரு டோக்கன். படகில் இருக்கிற ஒவ்வொரு ஆளும் தனித்தனியாக வாங்குவதில்லை. இறந்தகாலத்தையும் அப்படி ஒரு டோக்கனாக நினைத்துக்கொள்ளுங்கள். வினைச்சொற்கள் சேர்ந்து ஒரு படகாகப் போகின்றன, வரிசையில் முதலில் நிற்பவர் டோக்கனை வாங்கி வைத்துக்கொள்வார், பின்னால் வருகிறவர்களுக்கு அது தேவையில்லை. ‘ஹி கேம்’ என்றால் கேம் ஒண்டி ஆள், அவரே டோக்கன் வைத்திருக்கிறார். ‘ஹி டிட்ன்ட் கம்’ என்றால் முன்னால் டிட் நிற்கிறார், டோக்கன் அவர் கையில், கம் சும்மா வரலாம். ‘டிட்ன்ட் கேம்’ என்பது ஒரே படகுக்கு ரெண்டு டோக்கன்.

இதைப் பிடித்துக்கொண்டால் முக்கால்வாசித் தப்பு தானாக விழுந்துவிடும் என்பது என் அனுபவம். ‘டிட்ன்ட் ஹேட்’ இல்லை, ‘டிட்ன்ட் ஹேவ்’. ‘குட் வென்ட்’ இல்லை, ‘குட் கோ’. ‘ஐ வான்டிட் டு வென்ட்’ இல்லை, ‘ஐ வான்டிட் டு கோ’. கடைசியாகச் சொன்னதற்கும் தமிழில் அச்சாக ஒன்று இருக்கிறது. ‘ஐஸ் வாங்கப் போனேன்’ என்கிறோம், அதில் ‘வாங்க’வில் காலம் இல்லை, ‘போனேன்’ ஒன்றில்தான் இருக்கிறது. ‘ஐ வென்ட் டு பை ஐஸ்.’ அந்த ‘டு’வுக்குப் பின்னால் வருவது எப்போதும் ‘வாங்க’ மாதிரிதான், ‘வாங்கினேன்’ மாதிரி இல்லை.

ஆனால் ‘போய் வாங்கினேன்’ என்று வந்தால் உஷார். தமிழில் கடைசி வினையை மட்டும் முழுசாகச் சொன்னால் போதும், முன்னால் எத்தனை வந்தாலும் போய், பார்த்து, விலைபேசி, வாங்கி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அந்தப் பழக்கத்தில் ‘ஐ வென்ட் அண்ட் பை’ என்று வந்துவிடுகிறது. இங்கிலீஷில் ‘அண்ட்’ போட்டால் அது ரெண்டு படகு. ‘ஐ வென்ட் அண்ட் பாட்’ என்று ரெண்டுக்கும் டோக்கன் வேண்டும்.

கேள்வி கேட்கும்போதும் தமிழ் நம் காலை வாரிவிடும். வந்தான், வந்தானா? ஒரு ‘ஆ’ சேர்த்தால் வேலை முடிந்தது, வினை அசையவே அசையாது. அதனால்தான் ‘டிட் யூ ஏட்?’ என்று நம் ஆட்கள் கேட்கிறார்கள். கேள்வியிலும் டிட் முன்னால் வந்து டோக்கனை வாங்கிவிடுகிறது என்பதால் ‘டிட் யூ ஈட்?’ தான். ‘வென் டிட் த ட்ரெயின் லீவ்?’, ‘வேர் டிட் யூ ஸ்டே?’ என்று பத்துக் கேள்வியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கு பழகிவிடும். வாஸ், வெர் இரண்டும் டிட்டை அண்ட விடாது. ‘இட் வாஸ் நாட்’, ‘வாஸ் இட்?’ என்று தானே எல்லாம் பார்த்துக்கொள்ளும். ‘ஐ டிட்ன்ட் வாஸ்’ என்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இருந்த நான்தான் அது.

சரி, டோக்கன் புரிந்தது, ஆனால் கேம், வென்ட், காட் என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசாக இருக்கிறதே, இதை எப்படி ஞாபகம் வைப்பது என்று அடுத்து கேட்டான். ஞாபகம் வைப்பது கஷ்டம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இங்கிலீஷைத் திட்டுவதற்கு முன்னால் நம் வீட்டைக் கொஞ்சம் பார்க்கலாம். ஓடு, போடு, கொடு, விடு. நாலும் ‘டு’வில்தான் முடிகிறது. ஓடினான், போட்டான், கொடுத்தான், விட்டான். நாலுக்கும் மூணு வழி! வா, தா என்றால் வந்தான், தந்தான். அதே மாதிரி இருக்கிற சா என்ன ஆகிறது? செத்தான். த், ட், ற், இன் என்று பள்ளிக்கூடத்தில் இறந்தகால இடைநிலை படித்தோமே, அதைப் பார்த்தா பேசக் கற்றோம்? காதில் விழுந்து விழுந்து வந்தது. ‘போடினான்’ என்று யாராவது சொன்னால் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் காது கூசும். இங்கிலீஷுக்கும் அந்தக் காதைத்தான் வளர்க்க வேண்டும்.

அதனால் ஏ, பி, சி வரிசையில் அட்டவணை போட்டுப் படிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஓசை ஒத்துப்போகிறவற்றைச் சேர்த்துப் படியுங்கள். அப்துல் கலாம் சின்னப் பையனாக இருந்தபோது, ரெண்டாம் உலகப்போர் சமயத்தில், ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனதால் பேப்பர் கட்டுகளை ஓடுகிற ரயிலிலிருந்து வீசுவார்கள், அவர் போய்ப் பிடித்து எடுத்துக் கொடுப்பார் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ‘தே த்ரூ த பண்டில்ஸ், ஹி காட் தெம்.’ இந்த ஒரு வரியை வைத்தே ரெண்டு குடும்பம் பார்த்துவிடலாம். த்ரோ – த்ரூ. அதன் கூடவே ப்ளோ – ப்ளூ, க்ரோ – க்ரூ, நோ – ந்யூ. கச்சான் காற்று அடித்தது என்றால் ‘த விண்ட் ப்ளூ’. அடுத்தது கேட்ச் – காட். அதோடு டீச் – டாட், பை – பாட், ப்ரிங் – ப்ராட், திங்க் – தாட். எல்லாம் ‘ஆட்’ என்று முடிகிற ஒரே குலம். இப்படியே ட்ரிங்க் – ட்ராங்க், சிங்க் – சாங்க், ஸ்விம் – ஸ்வாம், பிகின் – பிகேன் என்று ஒரு கூட்டம். கீப் – கெப்ட், ஸ்லீப் – ஸ்லெப்ட் என்று ஒரு கூட்டம். சென்ட், ஸ்பென்ட், லென்ட் என்று ‘டி’யில் முடிந்தது ‘ட்டி’யாக மாறுகிற ஒரு கூட்டம், ஆனால் அதைச் சொல்லிப் பார்ப்பதைவிட எழுதிப் பார்த்தால் நன்றாகத் தெரியும். திங்க்கும் சிங்க்கும் பக்கத்துவீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருந்தும் ஒன்று தாட் ஆகிறது, ஒன்று சாங்க் ஆகிறது என்று கோபப்பட்டால், மறுபடியும் வா, தா, சாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

கட், புட், ஹிட், ஷட், காஸ்ட், ஹர்ட் எல்லாம் மாறவே மாறாது. இதில் ஒரு சின்ன வேடிக்கை: ‘ஷி கட்ஸ் த ஃபிஷ்’ என்றால் தினமும் மீன் வெட்டுகிறாள், ‘ஷி கட் த ஃபிஷ்’ என்றால் வெட்டி முடித்துவிட்டாள். அந்த ‘ஸ்’ இல்லாததுதான் இறந்தகாலம். ‘ரீட்’ எழுத்தில் மாறாது, வாயில் மட்டும் ‘ரெட்’ ஆகும்.

கோ மட்டும் ஏன் வென்ட் ஆகிறது என்று எல்லோரும் கேட்பார்கள். அது ‘கோ’வின் சொந்தப் பிள்ளை இல்லை, தத்துப்பிள்ளை. போவதைக் குறிக்கிற வேறொரு பழைய வினைக்கு இறந்தகாலமாக இருந்தது வென்ட். ‘கோ’வுக்கு முன்பிருந்த இறந்தகாலம் வழக்கொழிந்து போக, இது அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பொதுவாக எந்த வினை ரொம்பப் புழங்குகிறதோ அதுதான் இப்படி முரண்டு பிடிக்கும். இரு, போ, வா, பார், எடு, சொல், செய் என்று வாயில் நாள்பூராவும் உருள்கிற வினைகளுக்கான இங்கிலீஷ் சொற்களைப் பாருங்கள், ஒன்றுகூட விதிக்கு அடங்காது. அதிகமாகப் புழங்குவதால் பழைய உருவம் மறக்காமல் நிற்கிறது. புதிதாக வருகிற வினை எல்லாம் ஒழுங்காக ‘ஈ, டி’ சேர்த்துக்கொண்டு போய்விடும், ‘கூகுள்ட்’ மாதிரி. நாமும் புது வினை வந்தால் எல்லாவற்றையும் ‘பண்ணு’வில் மாட்டி, கூகுள் பண்ணினேன், ஃபார்வேர்ட் பண்ணினேன் என்கிறோமே, அதே சோம்பேறித்தனம்தான்.

அந்த ‘ஈ, டி’யைச் சொல்கிற விதத்தில் ஒரு சங்கதி இருக்கிறது, இது பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லித் தராதது. எழுத்தைப் பார்த்து ‘வாக்கெட்’, ‘ஹெல்பெட்’, ‘வாஷெட்’ என்று படிக்கிறோம். அங்கே ‘எட்’ கிடையவே கிடையாது. வாக்ட், ஹெல்ப்ட், வாஷ்ட், ஒரே அசை. கால்ட், ரிப்பேர்ட், ஓப்பன்ட் என்பதிலும் அப்படித்தான், கடைசியில் ஒரு மெய்யெழுத்து ஒட்டுகிறது, அவ்வளவுதான். முன்னதில் வருவது ‘பாட்டு’வில் வருகிற டகரம், பின்னதில் வருவது ‘பாடு’வில் வருகிற டகரம் மாதிரி. வினை எந்த ஓசையில் முடிகிறதோ அதை ஒட்டி வாய் தானாகவே மாற்றிக்கொள்ளும், நாம் பாட்டு, பாடு சொல்லும்போது யோசித்தா சொல்கிறோம்? தனி அசையாக ‘இட்’ வருவது ஒரே இடத்தில்தான்: வினையே ஏற்கெனவே ‘ட்’டில் முடிந்திருந்தால். வான்ட், வெயிட், லேண்ட். இதன் மேல் இன்னொரு ட் ஏறாது, அதனால் நடுவில் ஒரு ‘இ’யைச் செருகி வான்டிட், வெயிட்டிட், லேண்டிட். 1964 புயலில் சேதமான பாம்பன் ரயில் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள், அந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஈ. ஸ்ரீதரன். ‘தே ரிப்பேர்ட் இட் இன் ஃபார்ட்டி சிக்ஸ் டேஸ்.’ ‘ரிப்பேரெட்’ என்று இழுக்காமல் சொல்லிப் பழகினாலே பேச்சு பாதி திருந்தியது மாதிரி காதுக்குத் தெரியும்.

இப்போது அந்தப் ‘போயிருந்தேன்’ பஞ்சாயத்துக்கு வருவோம். மேலே ‘நானும் அவன் கூடப் போயிருந்தேன்’ என்று எழுதினேன். தமிழில் இதில் ஒரு குற்றமும் இல்லை. போனேன் என்பதைவிட, போயிருந்தேன் என்றால் போய்வந்த ஒரு கதையைச் சொல்லப்போகிறேன் என்று ஒரு சாய்மானம் கிடைக்கிறது. இதை அப்படியே இங்கிலீஷில் இறக்கும்போதுதான் ‘லாஸ்ட் மன்த் ஐ ஹேட் கான் டு தனுஷ்கோடி’ என்று வருகிறது. படித்தவர்கள், ஆபீசர்கள், மைக் பிடிக்கிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள், நானும் வெகுகாலம் சொன்னேன். அது வெறும் ‘ஐ வென்ட்’ தான். ‘ஹேட்’ வர வேண்டும் என்றால் ரெண்டு சம்பவம் வேண்டும், ஒன்று நடப்பதற்கு முன்பே மற்றொன்று நடந்து முடிந்திருக்க வேண்டும். 1964 டிசம்பர் 22 ராத்திரி அந்தப் பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. விடிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ‘பை மார்னிங் த சீ ஹேட் டேக்கன் த ட்ரெயின்.’ விடிந்தது ஒரு சம்பவம், அதற்கு முன்னால் கடல் எடுத்தது ஒரு சம்பவம். இந்த மாதிரி ரெண்டாவது ஆள் இல்லாமல் ஹேட் தனியாக வந்து நின்றால் கேட்கிறவர் ‘எதற்கு முன்னால்?’ என்று காத்துக்கொண்டே இருப்பார்.

‘ஹேவ்’ இன்னொரு தலைவலி. பாம்பன் புதுப் பாலத்தைத் திறந்துவிட்டார்கள் என்று பொதுவாகச் சொன்னால் ‘தே ஹேவ் ஓப்பன்ட் த நியூ பிரிட்ஜ்’. தேதி சொல்லிவிட்டால் ஹேவ் எழுந்து போய்விட வேண்டும்: ‘தே ஓப்பன்ட் இட் ஆன் ஏப்ரல் 6, 2025’. நேற்று, போன வாரம், 1914-ல் என்று முடிந்துபோன காலத்தைக் குறிக்கிற எந்தச் சொல் வந்தாலும் அப்படியே. நாம் ‘நேற்றுதான் வந்திருக்கிறார்’ என்று ரெண்டையும் சேர்த்துச் சொல்லிப் பழகியவர்கள், அதனால் ‘ஹி ஹேஸ் கம் எஸ்டர்டே’ என்று வழுக்கிவிடுகிறது. ‘ஹி கேம் எஸ்டர்டே’ போதும். பழைய பாலம் கப்பலுக்குத் திறந்ததைப் பார்த்திருக்கிறாயா என்று யாராவது கேட்டால், எப்போது என்பது முக்கியமில்லை, அங்கே ‘ஐ ஹேவ் சீன் இட்’ தாராளமாக வரலாம்.

நடந்துகொண்டிருந்ததைச் சொல்ல வாஸ், வெர் கூட ‘இங்’. ‘ஐ வாஸ் ஸ்லீப்பிங் வென் த விண்ட் பிகேன்.’ தூங்கிக்கொண்டிருந்தேன் என்பதற்கு நேரே அது வரும், குழப்பமே இல்லை. டோக்கன் வாஸ் கையில்.

கடைசியாக ஒன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. ‘அந்தக் காலத்தில் சனங்கள் தனுஷ்கோடியில் ரயிலைவிட்டு இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் போவார்கள்’ என்கிறோம். போவார்கள் என்பது எதிர்காலம் அல்லவா? முடிந்துபோன வழக்கத்தைச் சொல்ல எதிர்கால உருவத்தைப் போடுகிறோம், யாரும் அதைத் தப்பாகப் புரிந்துகொள்வதில்லை. இங்கிலீஷிலும் அதேதான்: ‘பீப்பிள் வுட் டேக் த ஷிப் டு தலைமன்னார்’. வில் என்பதன் தம்பி வுட். இல்லாவிட்டால் ‘யூஸ்ட் டு டேக்’ என்றும் சொல்லலாம். ஆனால் ‘இங்கே ஒரு ஸ்டேஷன் இருந்தது’ என்று ஒரு பொருள் இருந்ததைச் சொல்ல வுட் சரிப்படாது, ‘தேர் யூஸ்ட் டு பி எ ஸ்டேஷன் ஹியர்’ தான். முன்பு இருந்தது, இப்போது இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும்.

ஆட்டோக்காரப் பிள்ளைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அவனும் கப்பென்று பிடித்துக்கொண்டான். தேர் யூஸ்ட் டு பி எ சர்ச், தேர் யூஸ்ட் டு பி எ போஸ்ட் ஆபீஸ் என்று ஒரு வாரம் ஒரே யூஸ்ட் டு. பிடித்துப்போனதில் எல்லா இடத்திலும் போட ஆரம்பித்திருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினான்.

“மாமா, ஒரு பார்ட்டிகிட்ட ‘ஐ யூஸ்ட் டு டிரைவ் ஆட்டோ’ன்னேன். தினமும் ஓட்டுறேன்னு சொன்னேன், சரிதானே?”

“அவரு என்ன சொன்னாரு?”

“ஆட்டோவுக்குள்ள உக்காந்துக்கிட்டே, அப்ப இப்ப என்ன வேல பாக்குறேன்னு கேக்குறாரு மாமா.”